தோலை ஒட்டிய கம்பளி

இமயமலைப் பக்கம் முதல்முறையாக நடக்கக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: மெரினோ கம்பளிப் பனியன் வாங்கலாமா, அந்த விலைக்குத் தகுமா? கேட்பவர்கள் என்னைப் போலவே பருத்தியில் வளர்ந்தவர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சிய துணி இல்லை. வேர்வையைக் குடித்து, மெல்ல ஆவியாக விட்டு, உடம்பைக் குளிர்விக்கும். அதே குணம்தான் உயரத்தில் எமனாகிறது. ஏற்றத்தில் ஊறிப்போன பருத்தி பனியனோடு கணவாயில் பத்து நிமிடம் நின்றால் போதும், காற்று உடம்புச் சூட்டையெல்லாம் உருவிவிடும். மலை வழிகாட்டிகள் பருத்தியைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்வது வீண் பயத்தால் அல்ல.

மலைக்குக் கம்பளிதான் என்பது அங்கே இருப்பவர்களுக்குப் பழைய விஷயம். இமாச்சலப் பிரதேசத்தில் கத்தி எனப்படும் இடையர் குலத்தார் கோடையில் ஆடுகளோடு கணவாய் ஏறி மேய்ச்சல் நிலங்களுக்குப் போவார்கள், குளிருக்கு முன் இறங்குவார்கள். அவர்களுடைய உடை சோலா என்கிற கம்பளி அங்கி; இடுப்பில் டோரா என்கிற நீளமான கம்பளிக் கயிறு. புதிதாய்ப் பிறந்த குட்டியை அங்கியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டே நடப்பார்கள். ஆனால் அந்தக் கம்பளி முரடு. சட்டைக்கு மேலே போடலாம், வெறும் தோலில் தாங்காது. கம்பளி என்றாலே அரிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இப்படிப்பட்ட இழையைத் தொட்ட அனுபவத்தில்தான்.

மெரினோ அரிக்காததற்குக் காரணம் இழையின் பருமன். மனிதத் தலைமுடி சுமார் 50 முதல் 70 மைக்ரான். கம்பளி இழை 30 மைக்ரானைத் தாண்டினால் அதன் முனை வளையாமல் தோலில் குத்தும். மலையேற்றப் பனியன்களுக்கு எடுக்கும் மெரினோ பெரும்பாலும் 17 முதல் 19 மைக்ரான். தோல் பட்டதும் வளைந்துகொடுத்துவிடும். ஸ்பெயினில் உருவான ஆட்டினம் இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பின்னர் நியூசிலாந்திலும் பெருகியது. நம் நீலகிரி ஆட்டிலும் மெரினோ ரத்தம் உண்டு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள்.

கம்பளி ஈரத்தோடு பழகும் விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரம் தெரியாது. பாலியஸ்டர் இழை ஒரு சதவீதம்கூட வாங்காது. வேர்வை துணியின் மேற்பரப்பிலேயே படர்ந்து நிற்கும். ஈரத்தை வாங்கும்போது கம்பளி சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று மூடுபனி வந்து கவிந்தால், அந்த மாற்றம் உடம்புக்கு ஒரேயடியாகத் தெரியாமல் மெதுவாக வந்து சேருவது இதனால்தான். இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தபிறகும் இடையில் காற்று தங்குகிறது, சூடு முழுவதும் போய்விடுவதில்லை.

நாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். குளிக்க வழியில்லாமல் நாட்கணக்கில் நடக்கும்போது, ஒரே கூடாரத்தில் படுக்கும் தோழர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பாலியஸ்டர் பனியன் இரண்டாம் நாளே பக்கத்தில் நிற்பவரை விலகச் செய்யும். மெரினோ நாற்றத்தை இழைக்குள் அடக்கிக்கொள்கிறது. இரவு கூடாரத்துக்குள் விரித்துப்போட்டால் காலையில் மறுபடி போடலாம். அதனால் மாற்று உடை குறைகிறது, முதுகுச் சுமை குறைகிறது. சமையல் அடுப்பின் அருகில் உட்கார்ந்தாலும் பயம் குறைவு: கம்பளி எளிதில் தீப்பற்றாது, பாலியஸ்டர் போல உருகித் தோலில் ஒட்டாது.

குறைகளும் பெரியவைதான். ஒருமுறை நன்றாக ஊறினால் காய நேரமாகும். பாலியஸ்டர் கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், மெரினோ இரவெல்லாம் கிடக்கும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லிய துணி, முதுகுப்பையின் பட்டை உரசும் தோளிலும் இடுப்பிலும் சீக்கிரம் நைந்து பொத்தல் விழும். துவைப்பதிலும் கவனம் வேண்டும்: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயப்போடுதல். பிறகு அந்துப்பூச்சி. அதன் புழு கம்பளியைத் தின்னும், வேர்வை படிந்த இடத்தை முதலில் தேடிப்போகும். துவைக்காமல் பீரோவில் வைத்துவிட்டு அடுத்த கோடையில் எடுப்பவர்கள் ஓட்டைகளைத்தான் எடுப்பார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மெரினோ பனியனை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்து அகத்தியமலையில் வேர்வையும் மழையும் சேர்ந்து கொட்டும், காற்றே ஈரமாக இருக்கும். எந்தக் கம்பளியும் அங்கே காயாது. அட்டைக்கும் பின்னல் துணி தடையல்ல, நெருக்கமாக நெய்த அட்டைச் சாக்ஸ்தான் வேண்டும். அங்கே மலிவான மெல்லிய பாலியஸ்டர் சட்டையே நல்லது.

இன்னொன்று என் மனதை நெடுநாள் அறுத்தது. மெரினோ ஆட்டின் தோல் மடிப்பு மடிப்பாக இருப்பதால் வாலைச் சுற்றி ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அது ஆட்டைக் கொன்றுவிடக்கூடிய நோய். அதைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் பல பண்ணைகளில் குட்டிகளின் பின்புறத் தோலை அறுத்து எடுக்கிறார்கள். மியூல்சிங் என்று பெயர். நியூசிலாந்து 2018இல் இதைத் தடை செய்துவிட்டது. தடை செய்தும் அங்கே மெரினோ வளர்க்க முடிகிறது என்பதால், அறுத்தே தீர வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. நம் சுகத்துக்காக ஒரு குட்டி அந்த வலியை அனுபவிக்கக்கூடாது.

ஆகவே என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்வது இது. முழுத்தொகுப்பாக வாங்கிக் குவிக்க வேண்டாம். உயரமான, குளிரான, பல நாள் நடைக்கு முழுக்கை மெரினோ பனியன் ஒன்று போதும். கொஞ்சம் நைலான் கலந்தது உழைக்கும். மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் உடைக்கு வேறு பணம் ஒதுக்குங்கள். மியூல்சிங் செய்யாத கம்பளிதானா என்று கடையில் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் இருக்கும் பணம் ஒரே பொருளுக்குத்தான் என்றால் பனியனையும் விட்டுவிட்டு மெரினோ சாக்ஸ் வாங்குங்கள். நாள் முழுக்க நடக்கப்போவது கால்தான்.