லோ வோல்ட்டேஜ் தேசம்

ஜப்பானில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 100 வோல்ட். உலக நாடுகளின் வீட்டு மின் அழுத்தங்களில் இதுதான் மிகக் குறைவு. இந்தியாவில் அது 230. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு 100 வோல்ட் வந்தால் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம், டியூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஃபிரிட்ஜ் முனகும். வீட்டுக்காரர் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போடுவார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிறவருக்கு, புல்லட் ரயில் விட்ட நாடு வீட்டுக்குள் நூறு வோல்ட்டில் காலம் தள்ளுகிறது என்றால் நம்ப முடியாது. நம்பினாலும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருக்கும்.

அந்த இளக்காரம் தப்பு. ஜப்பானியச் சட்டப்படி வீட்டுக்கு வரும் அழுத்தம் 101 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. சாதனங்கள் எல்லாம் அதற்கென்றே செய்யப்பட்டவை. சுவரில் ஆணியடித்து ஸ்டெபிலைசர் மாட்டிய வீட்டை டோக்கியோவில் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் ‘லோ வோல்ட்டேஜ்’ என்று திட்டுவதெல்லாம் மின்சாரத்தின் தள்ளாட்டத்தைத்தான். அளவு குறைவாக இருப்பது தன்னளவில் ஒரு குறையே இல்லை.

இது புத்தகத்தில் படித்துத் தெரிவதை விட ஒரு மிக்சியால் சீக்கிரம் தெரிந்துவிடும். டோக்கியோவின் கிழக்கே எதொகாவா வட்டத்தில் இருக்கிறது நிஷிகசாய். இந்தியக் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் பகுதி. அங்கே அண்ணன் வீட்டுக்கு மதுரையிலிருந்து போன தம்பி ஒருவர், பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு 750 வாட் மிக்சி ஒன்றை எடுத்துப் போயிருந்தார். அண்ணி பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “தம்பி, அது இங்க சுத்தாது. நானும் மொத தடவை ஒண்ணு தூக்கிட்டு வந்தவதான்.”

“750 வாட் அண்ணி. ஒரு தடவை போட்டுத்தான் பாப்போமே.”

ஜப்பானிய பிளக் பாயின்ட்டில் இரண்டு தட்டையான கீற்றுகள் மட்டுமே. மூன்றாவது துளை பெரும்பாலும் கிடையாது; வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு மட்டும் பச்சை நிற எர்த் வயரைத் தனியாக இழுத்து, பாயின்ட்டின் கீழே உள்ள திருகில் முடுக்குகிறார்கள். பக்கத்தில் சுவிட்சும் இல்லை. தம்பி அடாப்டரைச் செருகிவிட்டுப் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினார். பிறகு மிக்சியின் குமிழைத் திருப்பினார். பிளேடு சுற்றத்தான் செய்தது, கோயில் யானை நடக்கிற வேகத்தில். தேங்காய்ச் சில்லு ஒன்று குறுக்கே வந்ததும் நின்று, ‘ம்ம்ம்’ என்றது. அண்ணி ஒன்றும் சொல்லாமல் வயரைப் பிடுங்கினார்.

அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அழுத்தம் பாதிக்கும் கீழே போனால் சக்தியும் பாதியாகும் என்று தோன்றும். கணக்கு அதைவிடக் கொடியது. அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் சக்தி வரும் என்பதால், இந்தியாவில் 1,000 வாட் தரும் வாட்டர் ஹீட்டர் கம்பி ஜப்பானில் 190 வாட் கூடத் தராது. மோட்டாருக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் கதி ஏறக்குறைய அதுதான். திரும்பி வரும் வழியில் விபரீதம் தலைகீழ். அங்கே வாங்கிய 100 வோல்ட் ரைஸ் குக்கரை மதுரையில் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சக்தி பாய்ந்து, சோறு வேகுமுன் குக்கர் வெந்துவிடும். டோக்கியோவின் அகிஹபாரா கடைகளில் வெளிநாட்டுக்கென்று 220 வோல்ட் குக்கர்களைத் தனி அலமாரியில் வைத்து விற்பது இதற்காகத்தான்.

நூறு என்ற எண்ணுக்குக் காரணம் பழைய குண்டு பல்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடிசன் வழிவந்த பல்புகள் நூறு வோல்ட்டை ஒட்டியே எரிந்தன. மின் விநியோகமும் அதற்கேற்ப அமைந்தது. அமெரிக்கா மெல்ல 120-க்கு ஏறியது. ஐரோப்பா செம்புக் கம்பியின் செலவைப் பார்த்து 220-க்குத் தாவியது: அழுத்தம் கூடினால் அதே சக்தியைக் குறைந்த மின்னோட்டத்தில், மெல்லிய கம்பியில் கொண்டுபோகலாம். 1,500 வாட் கெட்டிலுக்கு இந்தியாவில் ஆறரை ஆம்பியர் போதும். ஜப்பானில் 15 ஆம்பியர் வேண்டும். அங்கே சாதாரண பிளக் பாயின்ட்டின் வரம்பே அந்த 15 ஆம்பியர்தான். பிரிட்டனில் 3,000 வாட் கெட்டில் இரண்டே நிமிடத்தில் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதும், டோக்கியோவில் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். பெரிய ஏ.சி.க்கும் மின் அடுப்புக்கும் ஜப்பானிய வீடுகளிலும் 200 வோல்ட் இணைப்பு உண்டு; அதற்கு பாயின்ட்டின் வடிவமே வேறு.

ஆம்பியர்தான் டோக்கியோ வீட்டின் குடும்ப ஒழுங்கைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் யூனிட் எந்தப் படியைத் தாண்டும் என்பதே கவலை. டோக்கியோ வட்டாரத்தில் யூனிட் கட்டணத்தோடு, ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்பதற்கும் தனி ஒப்பந்தம் உண்டு. 10 முதல் 60 வரை, உயர உயர மாதாந்திர அடிப்படைக் கட்டணமும் உயரும். பழைய வீடுகளில் பிரேக்கர் மூடியின் நிறமே அளவைச் சொல்லும். 30 ஆம்பியருக்குப் பச்சை. ஒசாகா பக்கம் இந்த ஆம்பியர் ஒப்பந்தமே கிடையாது.

நிஷிகசாய் வீட்டில் இருந்தது பச்சை. ஜனவரி மாத இரவு, ஏ.சி. வெப்பக்காற்று விட்டுக்கொண்டிருந்தது, மைக்ரோவேவில் பால், குளியலறையில் அண்ணன் தலை காயவைக்கிறார். தம்பி கெட்டிலைத் தட்டிவிட்டார். வீடு இருண்டது. தமிழ்நாட்டுக்காரர் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: ஜன்னலுக்கு ஓடி எதிர் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்தார். ஊரே இருட்டு என்றால் ஒரு நிம்மதி, தன் வீடு மட்டும் என்றால் கவலை. எதிரே பத்து மாடியிலும் விளக்கு எரிந்தது. அண்ணனின் ஆறு வயதுப் பெண் பிள்ளை மட்டும் பதறாமல், “புரேகா ஒச்சிதா” என்றாள். பிரேக்கர் விழுந்துவிட்டது என்று பொருள். செருப்பு அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை அண்ணி ஸ்டூல் போட்டுத் திறந்து, விழுந்ததைத் தூக்கிவிட்டார். மறுநாளிலிருந்து தம்பி கெட்டிலைத் தொடும் முன், “ட்ரையர் ஓடுதா அண்ணி?” என்று கேட்கப் பழகினார்.

வோல்ட் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் நாட்டுக்கு நடுவே மின்சாரத்தில் வேறொரு எல்லை ஓடுகிறது. 1895-இல் டோக்கியோவின் அசகுசா மின் நிலையத்துக்கு ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனத்திலிருந்து ஜெனரேட்டர் வந்தது. அது 50 ஹெர்ட்ஸ். அடுத்த ஓரிரு ஆண்டில் ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கியது, அது 60. இரண்டு ஊர் வியாபாரிகள் இரண்டு கடையில் சாமான் வாங்கியதன் விளைவு 130 ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஷிசுவோகாவின் ஃபுஜி ஆற்றிலிருந்து வடக்கே நீகதாவின் இதோயிகாவா வரை ஏறக்குறைய ஒரு கோடு போட்டால் கிழக்கே 50, மேற்கே 60. முன்பெல்லாம் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு வீடு மாறினால் கடிகாரம் முந்தும், இசைத்தட்டு வேகமாகச் சுற்றிப் பாடகரின் குரல் கீச்சிடும், வாஷிங் மெஷினில் பாகம் மாற்ற வேண்டும். மோட்டார் வேகத்தை மின்னணுச் சுற்றே கட்டுப்படுத்தும் இன்றைய சாதனங்களில் இந்தத் தொல்லை போய்விட்டது. மலிவான மைக்ரோவேவ் வாங்கும்போது மட்டும் இன்னும் ஹெர்ட்ஸைப் பார்த்து வாங்குகிறார்கள். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் ஷின்கான்சென் புல்லட் ரயில் 1964-இல் தொடங்கிய நாளிலிருந்து முழு வழிக்கும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது. கிழக்குப் பகுதியில் அதற்கென்றே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள்.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் கிழக்கின் மின் நிலையங்களை நிறுத்தியபோது இந்தப் பழைய கோடு வேடிக்கையாக இல்லை. மேற்கில் மின்சாரம் இருந்தும், ஹெர்ட்ஸை மாற்றி அனுப்பும் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 10 லட்சம் கிலோவாட்தான். மார்ச் 14 முதல் டோக்கியோ சுற்றுவட்டாரத்தில் பகுதி பகுதியாக, நேரம் அறிவித்து மின்வெட்டு நடந்தது. 2021-இல் புதிய இணைப்பு ஒன்று சேர்ந்து அந்தத் திறன் 21 லட்சம் கிலோவாட்டானது. கோட்டை அழித்து நாடு முழுவதையும் ஒரே ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவருவது செலவைப் பார்த்தால் இனி நடக்காத காரியம்.

ஜப்பான் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன் ஒவ்வொரு சாதனத்தையும் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. செல்போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். அவை எங்கும் வேலை செய்யும். மிக்சிக்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் மிக்சியைப் போலவே கனக்கும். நிஷிகசாய்க்குப் போன அந்த மிக்சி ஒரு சட்னிகூட அரைக்காமல் மதுரைக்குத் திரும்பியது. அதன் அடித்தகட்டில் 230 வோல்ட் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது.