முன்னால் இருவர், பின்னால் மூவர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் தினமும் விடிந்ததும் பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்கள் வந்து விழுகின்றன. பெரியவர் சிறியவர் பாராமல் வேர்டில் விளையாடுகிறீர்கள். பழைய மாணவிகள் சிலர் எனக்குத் தனியாகவும் அனுப்புகிறார்கள். "தமிழம்மா, நீங்க அப்பவே எங்களுக்கு போர்டுல கட்டம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று நான் உங்கள் யாருக்கும் சொன்னதில்லை. அது ஓர் அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பார்த்து நான் செய்தது. ஒரே பருவத்தோடு நின்றுபோன நிகழ்ச்சி.

2008-இல் மூத்தவளின் பிரசவத்துக்காக ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நியூ ஜெர்சி போனேன். கோடை விடுமுறையும் ஈட்டிய விடுப்பும் சேர்த்து இரண்டு மாதம். மகளும் பேரனும் தூங்கும் நேரத்தில் எனக்குப் பேச்சுத்துணை டிவிதான். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் 'மெர்வ் கிரிஃபின்ஸ் கிராஸ்வேர்ட்ஸ்'. பெரிய திரையில் குறுக்கெழுத்துக் கட்டம். டை டிரெட்வே என்ற இளைஞர் குறிப்பை வாசிப்பார். எதிரே மேடையில் இரண்டு பேர். யார் முதலில் பொத்தானை அழுத்திச் சரியான சொல்லைச் சொல்கிறாரோ அவருக்குப் பணம்.

மெர்வ் கிரிஃபின் யார் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். பாட்டுக்காரராகத் தொடங்கியவர். பிறகு நெடுங்காலம் டிவியில் பேட்டி நிகழ்ச்சி நடத்தியவர். 1950-களின் கடைசியில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் பெரிய மோசடி வெளிப்பட்டது. போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் அந்த வகை நிகழ்ச்சி என்றாலே மக்களுக்குச் சந்தேகம். அப்போது கிரிஃபினின் மனைவி, "விடையை நாமே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்டால் என்ன?" என்று சொன்னாராம். அதிலிருந்து 1964-இல் பிறந்தது 'ஜெப்பர்டி'. சிறு வயதில் காரில் நெடுந்தூரம் போகும்போது சகோதரியோடு ஆடிய எழுத்து விளையாட்டை வைத்து 1975-இல் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' செய்தார். இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன.

அந்த மனிதர் கடைசியாக உருவாக்கியதுதான் இந்தக் குறுக்கெழுத்து நிகழ்ச்சி. அதன் முதல் ஒளிபரப்பு 2007 செப்டம்பர் 10. அவர் காலமானது அதே ஆண்டு ஆகஸ்ட் 12. நான்கு வார இடைவெளியில் பார்க்காமலே போய்விட்டார். அவருடைய கல்லறைக் கல்லில், 'விளம்பர இடைவேளைக்குப் பிறகு நான் திரும்பி வரமாட்டேன்' என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருக்கிறார்களாம். போகிற போக்கிலும் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பாருங்கள்.

இனிதான் விஷயம். எனக்கு இருந்த ஆங்கிலத்துக்கு அந்தக் குறிப்புகளில் முக்கால்வாசி புரியாது. அவர்கள் ஊர் நடிகர் பெயர், பேஸ்பால் வீரர் பெயர், ஏதோ ஒரு சாஸ் பெயர் என்று வரும். அதனால் நான் சொற்களை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முப்பது வருஷம் வகுப்பில் நின்ற கண் வேறு எதைப் பார்க்கும்?

முன்னால் இரண்டு பேர் என்றேன். அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நிற்பார்கள். முன்னவர்கள் இருவருக்கும் விடை தெரியாவிட்டால் மட்டுமே பின்னவர்களுக்கு வாய்ப்பு. சரியாகச் சொன்னவர் முன்னால் வந்து ஒருவரின் இடத்தைப் பிடித்துக்கொள்வார். இடம் மட்டும் இல்லை. அதுவரை முன்னவர் சேர்த்த பணமும் வந்தவருக்கே. முன்னால் நின்றவர் வெறுங்கையோடு பின்வரிசைக்குப் போக வேண்டும்.

முதல் நாள் எனக்கு அநியாயமாகப் பட்டது. பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னவளின் பணத்தை ஒரே பதில் சொன்னவன் கொண்டுபோகிறானே! பிறகு யோசித்தால், அந்த ஆட்டத்தில் பணம் ஆளுக்குச் சேர்வதில்லை, இடத்துக்குச் சேர்கிறது. யார் அந்த இடத்தில் நிற்கிறாரோ அவருக்கு அது. நாம் வேலை பார்த்த எத்தனையோ இடங்களில் இதே கதைதானே!

இன்னொன்றும் உறுத்தியது. பின்னால் நிற்கும் மூவருக்கும் அந்த நிகழ்ச்சி வைத்த பெயர் 'ஸ்பாய்லர்'. ஆட்டத்தைக் கெடுப்பவர் என்று பொருள். விடை தெரிந்து பின்னால் நிற்பவருக்குக் கெடுப்பவர் என்று பேர். நம் ஊரிலும் பின்னாலிருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னால் 'முந்திரிக்கொட்டை' என்றுதானே வாயை அடைக்கிறோம்?

ஜூன் மாதம் ஆரணிக்குத் திரும்பியதும் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அந்த நேரத்தில் எந்தச் செய்யுளும் யார் காதிலும் ஏறாது என்பது உங்களுக்கே தெரியும்.

தமிழில் குறுக்கெழுத்துக் கட்டம் போடுவது லேசான வேலை இல்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. ஒரு சொல்லில் 'தா' இருந்தால், அதைக் கடக்கும் சொல்லிலும் 'தா'வே இருக்க வேண்டும். 'த' இருந்தால் போதாது. புள்ளி வைத்த எழுத்து இன்னொரு தொல்லை. 'ஊர்வலம்' என்று மேலிருந்து கீழாக எழுதினால் அதன் நடுவில் இருக்கும் 'ர்' எழுத்தில் இடமிருந்து வலமாக வரும் ஒரு சொல் முடியலாம். ஆனால் 'ர்' எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்க முடியாது, ஏனென்றால் தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது. மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து என்று இலக்கணத்தில் நான் கரடியாகக் கத்தியதெல்லாம் கட்டம் போட்டுப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். இரண்டு வாரத்தில் நீங்களே கட்டம் போட ஆரம்பித்தீர்கள்.

விதி அதேதான். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். மதிப்பெண்ணைப் பிடுங்கும் வேலை மட்டும் வேண்டாம் என்று வைத்தேன். அவரவர் எடுத்தது அவரவருக்கு. இடம் மட்டும் மாறும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே ஒரு குறிப்பு வைத்தேன். 'நாடாவுக்குள் இருப்பது. இரண்டு எழுத்து.' ஊர்வலம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் இரண்டாம் எழுத்து 'ர்' என்று தெரிந்துவிட்டது. முன்னால் நின்ற இருவரும் எப்போதும் முதல் இரண்டு ரேங்க் வாங்கும் பிள்ளைகள். ஒருத்தி "நார்" என்றாள். இன்னொருத்தி யோசித்து யோசித்துக் கடைசியில் கையை விரித்தாள்.

பின்னால் நின்ற மூவரில் ஒருத்தி, "தார்" என்றாள். அந்த வருஷம் முழுக்க வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் அம்மா' சொன்னதைத் தவிர அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

வகுப்பு சிரித்தது. "பாவாடை நாடாவுக்குள்ள ஏது தமிழம்மா தார்?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"பாவாடை நாடா இல்ல. தறி நாடா" என்றாள் இவள். பிறகு கையால் செய்தே காட்டினாள். பாவுக்கு நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது நாடா. அதற்குள் ஊடை நூல் சுற்றிய தார் இருக்கும். தினமும் பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் ராட்டையில் தார் சுற்றுவது அவள் வேலை. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் தறி இருந்தது. அவர்களுக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் அது பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடிய சொல் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"புத்தகத்துல இல்லையே" என்று ஒரு குரல் வந்தது. "புத்தகத்தில் இல்லை, நம் தெருவில் இருக்கிறது. விடை சரி" என்றேன்.

விதிப்படி அவள் முன்னால் வந்தாள். அடுத்த குறிப்பு மிகச் சுலபம். அவளால் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்ததும் முடியவில்லை. முகம் வியர்த்துவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பி, "நான் பின்னாடியே நின்னு சொல்றேனே தமிழம்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் அந்த அமெரிக்க விதியை முழுசாக மாற்றினேன். இடமும் மாற வேண்டாம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கிருந்தே சொல்லலாம். பொத்தானும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். குறிப்பை வாசித்ததும் முப்பது எண்ணும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டே முன்னால் வருவேன்.

அந்த முப்பது எண்ணும் மௌனத்தில் நடந்ததை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றதில்லை. முதல் நொடியில் கை தூக்கும் பிள்ளைகளுக்கும் அது நல்லது செய்தது. சொன்ன விடையைத் திரும்ப யோசிக்கப் பழகினார்கள்.

அந்த நிகழ்ச்சி ஏன் நிலைக்கவில்லை என்றும் எனக்கு அப்போதுதான் புரிந்தமாதிரி இருந்தது. இது என் கருத்து மட்டும்தான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்ட நாளிலிருந்து அது பென்சிலும் ரப்பரும் வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சமையலை முடித்துவிட்டு வந்து திரும்பப் பார்க்கலாம். ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குக் கை கொடுக்கும். அதில் ஓட்டப்பந்தயத்தைப் புகுத்தினால் கட்டம் இருக்கும், குறுக்கெழுத்து இருக்காது. 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' நிலைத்ததற்குக் காரணம், எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது வீட்டில் இருப்பவரும் கூடவே யோசிக்க நேரம் கிடைப்பது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் கதை மீதி இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அவளே ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். முழுக்கத் தறிச் சொற்கள். பாவு, ஊடை, அச்சு, விழுது, ஜரிகை. விழுதுக்கு அவள் எழுதிய குறிப்பு: 'ஆலமரத்திலும் உண்டு, அப்பா தறியிலும் உண்டு.' நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். தறியில் உட்கார்ந்தபடியே அப்பா சொல்லச் சொல்ல எழுதினாளாம்.

ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு முழு நேரமும் தறிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அவள் தோழி என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அரையாண்டுக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அப்பா வந்தார். அதுவரை அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தக் கட்டத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"டீச்சரம்மா, இந்த வார்த்தையெல்லாம் பரீட்சைக்கு வருமா?"

"வராதுங்க" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வராட்டி பரவாயில்ல. பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் மனம் மாறியது அந்தக் கட்டத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் அவள் பத்தாவதும் முடித்தாள், மேலேயும் படித்தாள். இப்போது எங்கே, என்ன செய்கிறாள் என்பதை அவள் அனுமதி இல்லாமல் எழுதுவது முறையில்லை. இந்தப் பதிவைப் படிப்பாள் என்று மட்டும் தெரியும். நன்றாயிரு கண்ணு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் அலுவலகத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறீர்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டதும் முதலில் வரும் பதிலோடு முடித்துவிடாதீர்கள். மனசுக்குள் முப்பது எண்ணுங்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நம் காது போனால் போதும்.

சரி, இன்றைய குறிப்பு இதோ: 'செய்யுளிலும் உண்டு, பானையிலும் உண்டு, வாங்கினால் வலிக்கும். இரண்டு எழுத்து.' பின்வரிசைக்காரர்கள் இன்று சொல்லலாம். முதல் பெஞ்சுக்காரர்கள் நாளைக் காலை வரை வாயைத் திறக்கக் கூடாது. யார் யார் எந்த பெஞ்ச் என்று எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழம்மா