சொத்துக் கணக்கில் கிடைத்த சொந்தங்கள்!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஃபெல்ப்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறது சாமர்செட் பிளேஸ் பண்ணை. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது முதலாளிகளான காலின்ஸ் குடும்பத்தின் பெரிய மாளிகைதான். ஆனால், பண்ணையின் கதை தொடங்குவது அங்கே அல்ல. பக்கத்தில் இருக்கும் கால்வாயில்!

1786-ல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட 80 பேர் இந்தக் கால்வாய் வேலையில் இறக்கப்பட்டார்கள். சதுப்பு நிலத்தில், சுமார் 10 கிலோமீட்டர் நீளம். வேலையின்போதே பலர் இறந்துபோனார்கள். தண்ணீர் வடிந்த நிலத்தில் முதலில் நெல்லும், பிறகு மக்காச்சோளமும் விளைந்தன. 1860-ல் இங்கே 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1865-ல் விடுதலை கிடைத்ததும் குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்தன.

1977-ல் 'ரூட்ஸ்' தொலைக்காட்சித் தொடர் வந்தபோது, டொரத்தி ஸ்ப்ரூல் ரெட்ஃபோர்டுக்கு ஓர் ஆசை பிறந்தது. 'நம் முன்னோர் யார்?' என்று தேடத் தொடங்கினார். அடிமைகளுக்குக் குடும்ப வரலாற்றை யார் எழுதிவைப்பார்கள்? ஆனால், முதலாளிகள் சொத்துக் கணக்கு எழுதிவைத்திருந்தார்கள். விற்பனைப் பத்திரங்களிலும் பட்டியல்களிலும் ஆடு மாடுகளைப்போல எழுதப்பட்டிருந்த பெயர்களை, ஏறத்தாழ பத்து வருடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உறவுமுறையோடு கோத்தார் டொரத்தி.

1986 ஆகஸ்ட் 30. அவர் அழைப்பை ஏற்று, அந்த வம்சாவளியினர் 2,000-க்கும் மேற்பட்டோர் பண்ணையில் கூடினார்கள். ஒருவரையொருவர் அறியாத சொந்தங்கள்! 'ரூட்ஸ்' நாவலை எழுதிய அலெக்ஸ் ஹேலியும் வந்திருந்தார்.

பிறகு டொரத்தியே பல வருடங்கள் இந்த இடத்தின் நிர்வாகியாக இருந்தார். இன்று மாளிகையோடு, அடிமைகளின் வீடுகளும் மருத்துவமனையும் பழைய இடத்திலேயே மறுபடி கட்டப்பட்டு நிற்கின்றன. அங்கே போகிறவர்கள், மாளிகையோடு திரும்பிவிடாமல் அந்தச் சின்ன வீடுகளுக்குள்ளும் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும்.