கிர்மிட்

நம்ம திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த வருஷம் 1879. இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் பிஜித் தீவை அடைந்ததும் அதே வருஷம்தான். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது.

ஏன் போனார்கள்? 1834-ல் ஆங்கிலேயர் தம் காலனிகளில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! சங்கிலிக்குப் பதில் ஐந்து வருஷ அக்ரிமெண்ட் வந்தது. அந்தச் சொல்தான் ஏழைகள் வாயில் 'கிர்மிட்' ஆனது.

நம்ம பக்கத்து எட்டயபுரத்து பாரதி பிஜிக்குப் போனதே இல்லை. இருந்தும் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டில் அங்குள்ள பெண்களின் அழுகையை நம் காதில் விழ வைத்தார். கம்பெனிக் கணக்கில் தலை எண்ணிக்கை இருக்கும், கண்ணீர் இருக்குமா? அதை எழுதி வைத்தது கவிதைதான்! 1920-ல் பிஜி ஒப்பந்தங்கள் ரத்தாயின.

நம்ம ராமநாதபுரம் சீமை ஜனங்கள் மழை பொய்த்தபோது கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனார்கள். கடனை எழுதிய 'துண்டு' சீட்டே அங்கே விலங்கு. தோட்டத்திலேயே பிறந்த கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை அந்த மக்களின் பாடல்களைத் திரட்டினார். 1947-ல் நாடாளுமன்றத்துக்கும் போனார். மறு வருஷமே சட்டம் அம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது!

நாமும் வானம் பார்த்த பூமிக்காரங்கதான். நாளை டிப்ளமோவைத் தூக்கிக்கிட்டு சிங்கப்பூர், துபாய்னு கிளம்புவோம். ஏஜெண்ட் நீட்டும் தாளில் எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம், பாஸ்போர்ட் யார் கையில் என்று படித்துப் பாருங்கள். பாரதியையும் ஒருமுறை படியுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்!