அமுக்கு... பிடி... விடு!

கடையில் "பிரேக் ஆயில்" என்று கேட்டு வாங்குகிறோமே, அது எண்ணெயே கிடையாது, தெரியுமா? கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், பிரேக்கே வேலை செய்யாது.

பள்ளியில் படித்த பாஸ்கல் விதி ஞாபகம் இருக்கிறதா? அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மார்க்குக்காகப் படித்த அந்த வரிதான் காரை நிறுத்துகிறது. 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. இன்றைக்கும் அதே தத்துவம்தான்.

இதற்கு எதிரி காற்று. குழாயில் காற்று புகுந்தால், நாம் மிதிக்கிற பலம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். கிளட்ச் லைன் என்றால் கியர் விழ அடம்பிடிக்கும். இன்னொரு எதிரி ஈரம். புது டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 இருந்தால் போதும் என்கிறது தரநிலை. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்துச் சூடேறினால், பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரிதான், அமுங்கிவிடும். பிரேக் இருக்காது.

எங்கள் வீட்டில் கொல்லிமலை போக முடிவானது. எழுபது கொண்டை ஊசி வளைவு! பெடல் மெத்தென்று இருக்க, முன்பு மெக்கானிக்காக இருந்த மாமா "ஏர் எடுத்துடலாம்டா, நீ பெடல்ல உட்காரு" என்றார்.

வேலை இதுதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு அவசியம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நம்மூரில் பெரும்பாலும் இடது பின்பக்கம். சில கார்களில் வரிசை வேறு, மேனுவலைப் பாருங்கள். ப்ளீடர் நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி, மறுமுனையை புதுத் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்க விட்டார் மாமா.

"அமுக்கு!" மெல்ல மிதித்தேன். அவர் நிப்பிளைத் திறக்க, பெடல் கீழே இறங்கியது. டியூபில் குமிழ் குமிழாக வந்தது. "பிடி... அப்படியே பிடி!" நிப்பிளை மூடினார். "இப்ப விடு!" மூடும் முன் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். அதனால்தான் இத்தனை சத்தம். :-)

குமிழ் நின்று, தெளிந்த திரவம் வரும்வரை இப்படியே. நடுநடுவே மேலே உள்ள டப்பாவை நிரப்ப வேண்டும். அது காலியானால் மறுபடி முதலிலிருந்துதான். கிளட்சுக்கு ஸ்லேவ் சிலிண்டரில் தனி நிப்பிள். அங்கே பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்க வேண்டும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும். வடித்த திரவத்தை மறுபடி ஊற்றாதீர்கள்.

முடிந்ததும் வாசலிலேயே மெதுவாக ஓட்டி, பிடித்துப் பாருங்கள். பெடல் இன்னும் அமுங்கினாலோ, உங்கள் காரின் ஏ.பி.எஸ்.ஸுக்குத் தனிக் கருவி தேவை என்றாலோ, ஒர்க் ஷாப்தான் சரி.

பல கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால், மலை ஏறும் முன் மாற்றிவிடுங்கள்.