கண்ணிக்கு ஆள் தெரியாது

எங்கள் லயத்துக்குப் பின்னால், கானுக்கு மேலே, சின்னதாக ஒரு மரக்கறித் தோட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அரிசியும் மாவும் விலையேறிக்கொண்டே போன காலத்தில், மானாப்புல் மண்டிக் கிடந்த அந்தத் துண்டைக் கொத்தி உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டோம். கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, இருட்டுவதற்குள் தண்ணீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதும் என் வேலை. அடுத்த கிழமை கிழங்கு கிண்டலாம் என்று இருந்தபோது, ஓர் இரவு காட்டுப்பன்றிகள் வந்தன.

காலையில் பிரட்டுக்குப் போகும் முன் போய்ப் பார்த்தேன். ஏர் பூட்டி உழுத மாதிரி இருந்தது. மூன்று மாதப் பாட்டில் ஒரு கூடைக் கிழங்குகூட மிஞ்சவில்லை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த நேரத்தில் யாராவது வந்து, "காட்டு விலங்குகளைக் கொல்லாதீர்கள், பார்த்து மகிழுங்கள்" என்று சொல்லியிருந்தால் அவரை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

என் வீட்டுக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பிகள் இரண்டைத் தேடிக் கொண்டு வந்தார். அவர் ஒரு முனையைச் சுருக்காக முறுக்க, மறுமுனையை இழுத்துப் பிடித்தவள் நான்தான். அதை நான் மறைக்க மாட்டேன். எனக்கும் பன்றி மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது. பன்றி இறைச்சியும் எங்கள் லயத்தில் யாருக்கும் கசப்பதில்லை.

அந்தக் கிழமைதான் எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. கிளிநொச்சியிலிருந்து என் பெரியம்மாவின் மகள் வந்திருந்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அங்கே காடு வெட்டிக் காணியாக்கினார்கள். அதன் பிறகு அவர்களுக்கு நடந்ததை இந்தப் பத்திரிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அக்காவின் பேச்சும் இப்போது வன்னிப் பேச்சாகிவிட்டது.

வாசலில் கிடந்த கம்பியைப் பார்த்து அக்கா கேட்டார்:

"என்ன தம்பி இது?"

"கண்ணி அக்கா. பன்னிக்கு."

அக்கா கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "கண்ணியோ?" என்றார். பிறகு, "அந்தப் பக்கம் ஆக்கள் ஒருத்தரும் போறேல்லையோ?" என்று கேட்டார்.

"யாரு போகப் போறா? நாயி, ஆடு போவும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் காணியைப் பற்றிச் சொன்னார். முகாமிலிருந்து விட்ட பிறகும் உடனே காணிக்குள் கால் வைக்க முடியவில்லையாம். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு, கயிறு கட்டி வைத்திருந்தார்களாம். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அடி அடியாகச் சுரண்டிப் பார்த்து முடிக்கும் வரை, சொந்தக் கிணற்றைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாராம். அந்தக் கயிற்றுக்குள் மேயப்போன பக்கத்து வீட்டுப் பசுவுக்கு ஒரு கால் போய்விட்டது.

"வச்சவை ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. ஆருக்கு வச்சவையெண்டும் தெரியாது. அவை போயிட்டினம், அது போகேல்ல. அதுக்கு ஆள் தெரியாது தம்பி."

"இது வெடிக்காது அக்கா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அக்கா மேலே ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணி வைத்த மூன்றாம் நாள் விடியற்காலையில் சத்தம் கேட்டு ஓடினோம். மாட்டியிருந்தது பன்றி அல்ல, அடுத்த காம்பராக்காரரின் நாய். கம்பி இடுப்பைச் சுற்றி இறுகி, தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. சுருக்குக் கம்பியின் வேலையே அதுதான். விலங்கு முன்னால் இழுக்க இழுக்க அது இறுகும், பின்னால் போனாலும் தளராது. நாயை உயிரோடு எடுத்துவிட்டோம். ஆனால் அது பழையபடி ஓடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை பல நாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த பயம் நாயைப் பற்றி மட்டும் அல்ல. எங்கள் மலையில் சிறுத்தை உண்டு. யுத்த காலத்தில் 'புலி' என்று உரக்கச் சொல்லக்கூடப் பயந்து 'பெரியவர்' என்று சொல்லிப் பழகிய அதே சிறுத்தைதான். அது லயத்துப் பக்கம் வருவதே நாயைத் தேடித்தான். கண்ணியில் மாட்டிக் கத்தும் நாயைத் தேடி அது வந்திருந்தால்? இரண்டாவது கம்பியில் அது மாட்டி, கொழுந்தெடுக்கப் போகும் நாங்கள் தெரியாமல் பக்கத்தில் போயிருந்தால்?

இது வீண் கற்பனை அல்ல. 2020 மே மாதம் 26ஆம் திகதி, நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் மரக்கறிப் பாத்திக்கு அருகே கட்டியிருந்த கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து இறுகிக் கிடந்தது. கறுப்பு நிறச் சிறுத்தை எங்கள் நாட்டில் மிக அரிது. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதை மீட்டு உடவலவைக்குக் கொண்டு சென்றார்கள். 29ஆம் திகதி அது இறந்துபோனது. அந்தக் கம்பியை வைத்தவர் சிறுத்தையை நினைத்து வைத்திருக்க மாட்டார். என்னைப் போலவே கிழங்கையும் கரட்டையும் நினைத்துத்தான் வைத்திருப்பார். சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு இல்லை. சிறுத்தையைக் கொல்வது குற்றம். அந்த வித்தியாசம் கம்பிக்குத் தெரியாது.

பன்றிக்கென்று தீனிக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் 'ஹக்கபட்டாஸ்' என்பதும் அப்படித்தான். அதைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் பட்டினியாகவே சாகும் யானைக் குட்டிகள் எத்தனையோ. யுத்தம் முடிந்த நாட்டில் வெடியை உணவுக்குள் வைப்பது எவ்வளவு கொடுமை!

சரி, விலங்கு மனிதனைத் தாக்கினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பத்துப் பேர் வரை காயப்படுத்தியது. ஊர் மக்கள் அதைச் சூழ்ந்து அடித்துக் கொன்றார்கள். அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செத்த விலங்கோடு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியதை நினைத்தால் மனம் கூசுகிறது. பயத்தில் அடிப்பது வேறு, அதைக் கொண்டாடுவது வேறு. இந்த வித்தியாசத்தை நாங்கள் இழந்துவிட்டால் யுத்தம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள்.

மலையகத்தில் வேட்டையைக் கொண்டாட்டமாக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில்தான் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் பண்ணை போட்டுக்கொண்டு, நாய்களை விட்டு மரைகளை விரட்டிக் கொன்று அதைப் புத்தகமாகவும் எழுதினார். அதன் பிறகு கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடு அழிந்தது. வெட்டிய கைகள் எங்கள் பாட்டன்மாருடையவை. வெட்டச் சொன்ன வாய் வேறு. மிச்சமான காட்டுத் துண்டுகளில் விலங்குகள் ஒதுங்கின. லயக் காம்பராவில் நாங்கள் ஒதுங்கினோம். இன்றைக்கு இரண்டு பேரும் ஒரு கிழங்குப் பாத்திக்கு அடிபடுகிறோம்.

நாய் மாட்டிய அன்று மாலையே என் வீட்டுக்காரர் இரண்டு கம்பிகளையும் அவிழ்த்துக் கொண்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு நான்கு வீட்டார் சேர்ந்து தோட்டங்களை ஒன்றாக்கி, லயத்துக்குக் கிட்டவே கொண்டு வந்தோம். பழைய கூரைத் தகரங்களை அடியில் மண்ணுக்குள் புதைத்துச் சுற்றி வேலி போட்டோம். பக்கத்தில் பன்றி படுத்துக் கிடந்த பற்றையை வெட்டினோம். சோற்று மிச்சத்தைக் கானில் கொட்டுவதை நிறுத்தினோம். நாய்களை இரவில் உள்ளே கட்டுகிறோம். கிழங்கு விளையும் நாட்களில் முறை வைத்துக் காவல் இருந்து தகரம் தட்டுகிறோம். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குரங்குக்குத் தகர வேலி ஒரு பொருட்டே இல்லை. போன முறையும் போஞ்சியில் பாதி அதற்குத்தான். நித்திரை கெட்டு மறுநாள் கொழுந்தெடுப்பதும் லேசான காரியம் இல்லை. இப்படி இழப்பவர்களுக்கு நட்டஈடும் நல்ல வேலியும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்பதும் எங்கள் உரிமை.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தாளில் எழுதும்படி அரசாங்கம் நாடு முழுவதும் கேட்டது. சனிக்கிழமை. எட்டு மணிக்கு நான் மலையில் கூடையோடு நின்றேன். வீட்டில் மகள்தான் எண்ணினாள். மாலையில் வந்து கேட்டேன்.

"எத்தனை குரங்கும்மா?"

"பதினொண்ணு அம்மா. ஒண்ணு குட்டிய வயித்துல ஒட்டிக்கிட்டே தகரத்துல ஏறிச்சு. அப்ப மட்டும் எண்ண மறந்துட்டேன்."

எண்ண மறந்துட்டேன் என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மலையில் பிறந்து வளர்ந்த நான், ஒரு விலங்கை ஐந்து நிமிடம் நின்று பார்த்ததே இல்லை. விரட்டியிருக்கிறேன், பயந்து ஓடியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். ஹோட்டன் சமவெளியில் மரையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ காசு செலவழித்து வருகிறார்கள். அது அவர்களுக்கான சந்தோஷம், எங்களுக்கில்லை என்றே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒருநாள் காவல் முறையில் இருந்தபோது, அந்தி நேரத்தில் தாய்ப்பன்றி ஒன்று குட்டிகளோடு கானைக் கடந்தது. குட்டிகளின் முதுகில் வரி வரியாகக் கோடு. கையில் தட்டுவதற்குத் தகரம் இருந்தது. அவை வேலிக்கு அந்தப் பக்கம்தான் போகின்றன என்று தெரிந்தது. கடைசிக் குட்டி கடக்கும் வரை பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "தட்டேல்லையோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா" என்றேன். "வேலிக்குள்ள வந்தா தட்டு" என்றார்.

அதுதான் என் முடிவும். வேலிக்குள் வந்தால் தட்டுவேன். ஆனால் நான் வீட்டுக்குப் போன பிறகும் எனக்காகக் காத்திருந்து கொல்லும் ஒன்றை மண்ணில் வைத்துவிட்டு வரமாட்டேன்.