ஆற்று ஆலாவைத் தேடிச் சாத்தனூருக்கு

திருவண்ணாமலைக்கு வருவோர் பெரும்பாலும் மலையையும் கோயிலையும் கண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். வாசக நேயர்களே, உங்களுக்கு அரைநாள் ஓய்விருந்தால் தண்டராம்பட்டு வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் சென்று சாத்தனூர் அணையைப் பாருங்கள். நந்தி மலையில் தோன்றிக் கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணையைச் சென்னகேசவ மலைகளுக்கிடையே மறித்து, 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. அங்கே முதலைப் பண்ணையின் முன் கூட்டம் நிற்கும். வறுத்த மீன் விற்கும் கடைகளின் முன் அதனினும் பெருங்கூட்டம் நிற்கும். நீர்ப்பரப்பை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே.

அந்த நீரின்மேல் நீங்கள் தேட வேண்டியது ஆற்று ஆலா என்னும் பறவையை. சாம்பல் நிற முதுகு, பிளவுபட்ட நீண்ட வால், மஞ்சள் அலகு, சிவந்த கால்கள். இனப்பெருக்கக் காலத்தில் தலையில் கறுப்புத் தொப்பி அணிந்ததுபோல் தோன்றும். தலையைக் கவிழ்த்தவாறே பறந்து, மீனைக் கண்டதும் செங்குத்தாய்ப் பாயும். கடலோரத்தில் காணும் ஆலாக்களின் உறவுதான். எனினும் இதன் வாழ்வு நன்னீரோடு பிணைந்தது.

சிந்து ஆறு முதல் மேகாங் வரை பரவிய இப்பறவையை இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2012இல் 'அச்சுறுத்தலை அண்மித்தது' என்றது. 2020இல் 'அழிவாய்ப்புள்ளது' என்னும் நிலைக்கு மாற்றியது. நம் நாட்டில் இன்னும் பரவலாகத் தென்படுவதால் இச்செய்தி பலருக்கு வியப்பளிக்கும். ஆனால், பறப்பவற்றை எண்ணினால் மட்டும் போதாது. குஞ்சுகள் தேறுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இடர் இருப்பது கூட்டில்தான். கூடு என்று சொல்வதும் மிகையே! ஆற்றிடை மணல்திட்டிலோ, நீர் வற்றும்போது தலைகாட்டும் தீவிலோ சிறு குழி பறித்து, பெரும்பாலும் 3 முட்டைகள் இடும். வெயில் கடுமையானால் வயிற்றை நீரில் நனைத்து வந்து முட்டைகளின்மேல் அமரும். நாயும் நரியும் அணுகாதபடி காப்பது சுற்றிலும் நிற்கும் நீர் ஒன்றே. ஆதலால் அந்த நீர் தாழ்ந்தாலும் ஆபத்து, உயர்ந்தாலும் ஆபத்து. மிகவும் வற்றினால் தீவு கரையோடு சேர்ந்து, கால்நடைகள் மிதித்துச் செல்லும் மேய்ச்சல் நிலமாகிவிடும். கோடை மழையாலோ மேலணையைத் திறப்பதாலோ மட்டம் சற்றே ஏறினாலும் முட்டைகள் மூழ்கும். சாத்தனூரிலிருந்து 2024 டிசம்பரில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் பாய்ந்தது நினைவிருக்கும். அது கூடு வைக்கும் காலமன்று. இப்பறவைக்கோ வேனிலில் ஓரிரு அடி ஏற்றமே பெருவெள்ளம். ஆற்று மணலை அள்ளிச் செல்லும் ஊர்களில் திட்டே இல்லாமற்போவது தனிக்கதை.

அணைகள் கெடுதல் மட்டுமே செய்தன என்றும் கூறவியலாது. கர்நாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத்தில் கோடைதோறும் வெளிப்படும் தீவுகளில் ஆலாக்கள் பெருங்கூட்டமாய்க் குஞ்சு பொரிக்கின்றன. மேகாங் ஆற்றிலோ இவ்வினம் வெகுவாய் அருகிவிட்டது. அங்கே கம்போடிய மணல் தீவுகளில் கூடுகளைக் காக்க உள்ளூர் மக்களையே காவலுக்கு அமர்த்தியுள்ளனர்.

சாத்தனூருக்கு மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் செல்வீராயின் காலை வேளையே நன்று. தொலைநோக்கி இருந்தால் கரையிலிருந்தே பாருங்கள். எந்த நீர்த்தேக்கமாயினும் பரிசலில் தீவுக்குச் சென்று இறங்க வேண்டாம். தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் நிழலற்ற மணலில் முட்டைகள் வெந்துபோகும்.